நூற்று ஐம்பது மெகாஹெர்ட்ஸ்

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை நாம். நாற்பதைத் தாண்டி, செல்போனைக் கையெட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. தூசு படாமல் இருக்கப் போட்ட பிளாஸ்டிக் உறை, மவுஸின் வயிற்றைத் திறந்து வெளியே எடுத்துத் துடைத்த ரப்பர் உருண்டை, ஆயுத பூஜைக்குப் பெட்டியின் நெற்றியில் வைத்த சந்தனப் பொட்டு எல்லாம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியால் ஒரு காரியம் நடந்தது. நடந்தது என்று பொதுவாகச் சொல்வது கோழைத்தனம். நான் செய்தேன். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்த கோடை விடுமுறையில் செய்தேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார். அம்மாவுக்கு வீடுதான் உலகம். தனியாகச் சமயபுரம் வரைகூடப் போனதில்லை. எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம், நடுவில் யாரும் இல்லை. அதனால் அக்கா எனக்குப் பாதி அக்கா, பாதி வாத்தியார். தலை பின்னிவிடுவதும் அவள்தான், கணக்குத் தப்பினால் தலையில் குட்டுவதும் அவள்தான்.

கம்ப்யூட்டர் அவளுடையது. அவள் எம்.சி.ஏ. சேர்ந்தபோது தென்னூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிக்கொடுத்தார். ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய மெஷின். பிராசஸரின் வேகம் நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் அந்த எண் வெள்ளை எழுத்தில் வரும். இன்றைக்கு வாஷிங் மெஷினுக்குள் இருப்பதுகூட அதைவிட வேகமாக ஓடும். ஆனால் அன்று ஆட்டோவில் வைத்து அதைக் கொண்டுவந்தபோது, ஒரு குழந்தையை மடியில் வைத்திருப்பது போல அப்பா மானிட்டரைக் கட்டிப் பிடித்தபடி வந்தார். படிப்பு முடிந்து அக்கா வேலைக்காக பெங்களூர் போனதும் பெட்டி எனக்கு வந்தது.

தேர்வு முடிந்த மறுநாள் அம்மா என்னை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். வரிசையில் நின்றபடி சும்மா கார்டைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் இருந்த அக்காவின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் முத்திரை, யாரோ ஓர் அதிகாரியின் சுருக்கக் கையெழுத்து. கடைக்காரர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, பேரை எடுத்துட்டாங்களே?" என்று கேட்டார். சர்க்கரை அரை கிலோ குறைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் ஓடினேன்.

அக்கா கல்யாணம் செய்துகொண்டது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. என் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே கடிதம் வந்திருக்கிறது. கூட வேலை பார்க்கும் ஒருவரை மணந்துகொண்டேன், அவர் கிறிஸ்தவர், கல்யாணம் இங்கே ஒரு சர்ச்சில் நடந்தது, சொன்னால் விட மாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். என் படிப்பு கெட்டுவிடும் என்று அப்பாவும் அம்மாவும் என்னிடம் மறைத்துவிட்டார்கள். அப்பா சத்தம் போடவில்லையாம். கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் லீவு போட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஹெட் கிளார்க்குக்குக் கோபம் வந்தால் அது ஃபாரமாகத்தான் வெளியே வரும்.

அதற்குப் பிறகு வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசக் கூடாது என்று யாரும் தடை போடவில்லை. அம்மா அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பை வைப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். அந்த வருடம் காவிரியில் தண்ணீர் இல்லை. படித்துறையில் நின்றால் எதிர்க்கரை வரைக்கும் மணல் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். மத்தியானம் மின்சாரம் இறங்கி, ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் சுற்றும். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து சீட்டு விளையாட்டு ஆடிக்கொண்டே அக்கா மீது கோபப்பட்டேன். என்னிடமாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

மே மாதத்தில் அம்மா பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே இரண்டு வி.சி.டி. தட்டுகள். கடிதம் எதுவும் இல்லை. அம்மா அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். மறுநாள் அப்பா பஸ் ஏறிய பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு நாங்கள் இருவரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தோம்.

பழைய மெஷினில் வி.சி.டி. பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். படம் நாலு நொடி ஓடும், மூன்று நொடி நிற்கும், பிறகு எங்கோ தாவிப் போய்விடும். அக்கா காரிலிருந்து இறங்கினாள். அடுத்த நொடி சர்ச்சுக்குள் பீடத்துக்கு முன்னால் நின்றாள். நடுவில் நடந்து வந்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீடியோக்காரர் பேச்சுச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டுகளைப் போட்டிருந்தார். அந்தப் பாட்டும் விக்கிக்கொண்டே வந்தது. வெள்ளைப் பட்டுப் புடவையில், தலையில் வலைத்துணியோடு இருந்தவளை அக்கா என்று ஒப்புக்கொள்ளவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கேமராக்காரரின் ஃபிளாஷ் வெட்டும் இடங்களில் மெஷினுக்கு மூச்சு முட்டிவிடும். மோதிரம் மாற்றும் நேரத்தில் ஃபிளாஷ் மாற்றி மாற்றி வெட்டியது. படம் நின்றேவிட்டது.

அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் அவள் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அக்காவின் முகம் கசங்கிப்போயிருக்கிறது. கண் மூடி, வாய் கோணி, இன்னொரு கை கண்ணைத் துடைக்க மேலே போகிறது. எட்டு நொடி அப்படியே நின்றது. பிறகு தாவி, சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டது.

"எப்படி அழுவுறா பாருடி. கையை எப்படிப் புடிச்சிருக்கான் பாரு," என்றாள் அம்மா.

திரும்பத் திரும்பப் போட்டோம். எத்தனை முறை போட்டாலும் ஏறக்குறைய அங்கேயேதான் வந்து நின்றது. அம்மா எழுந்து போய் மானிட்டர் கண்ணாடியில் அக்காவின் கன்னத்தைத் தடவினாள். கண்ணாடியில் இருந்த மின்சாரம் விரலில் சுரீரென்று குத்தியதும் கையை எடுத்துக்கொண்டாள். மூன்று நாள் எங்கள் மத்தியானங்கள் இப்படிப் போயின. நாலாம் நாள் அம்மாவால் தாங்க முடியவில்லை. அப்பா வந்து குடையை ஆணியில் மாட்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அப்பா உட்காரவில்லை. பையும் டிபன் பாக்ஸும் தோளில் தொங்க, நின்றபடியே பார்த்தார். கார், சர்ச், பீடம், மோதிரம். படம் நின்றது. அவர் குனிந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக ஒரு ஃபைலைப் போல மூடிக் கிடந்த முகம் என் கண் முன்னால் இளகியது.

"ஞாயித்துக்கிழமை போய்க் கூட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. அப்பா சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஞாயிறு காலை பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வந்தார். அக்காவின் கட்டிலை அவரே வெளியே போட்டுக் கழுவினார். எடுத்த பெயரை ரேஷன் கார்டில் திரும்பச் சேர்க்க என்ன ஃபாரம் எழுத வேண்டும் என்று பக்கத்து வீட்டு வி.ஏ.ஓ.விடம் விசாரித்தார். திருச்சியிலேயே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், துவாக்குடிப் பக்கம் எத்தனையோ கம்பெனி இருக்கிறது என்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். அம்மா வத்தக்குழம்புக்குச் சுண்டைக்காய் வறுத்தாள். அக்காவின் வீட்டுக்காரரை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே மறந்துவிட்டது. அக்கா அழுகிறாள் என்பதில் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் மெஷினைத் திறந்தேன். அக்கா வரும்போது அவளை அசத்த வேண்டும். 'மக்கு' என்று என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். பிராசஸருக்குத் தயாரித்தவர்கள் ஒரு வேகத்தை வைத்திருந்தாலும், மதர்போர்டில் உள்ள அமைப்பை மாற்றி அதைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்ட முடியும், சூடு மட்டும் ஏறும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மெஷினை விற்ற தென்னூர்க்காரருக்கு பூத்திலிருந்து போன் போட்டுக் கேட்டதில், அது வயசான மெஷின், அதைப் போட்டு விரட்டாதே, எரிந்துபோனால் என்னிடம் வராதே என்று வைத்துவிட்டார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அக்காவின் டிராயரில் மதர்போர்டின் கையேடு இருந்தது. அரையணாக் காகிதத்தில் அச்சடித்த மெல்லிய புத்தகம், இங்கிலீஷே தடுமாறும். அதில் ஓர் அட்டவணை. போர்டின் மேல் நெருக்கமாக நிற்கும் கம்பி முனைகளில் எந்த இரண்டை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியால் இணைத்தால் என்ன வேகம் என்று போட்டிருந்தது. அந்த மூடிக்கு ஜம்பர் என்று பெயர். கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் மெஷின் ஸ்குரூ டிரைவரால் பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து சூடான தூசு நாற்றம் வந்தது. அம்மா டார்ச் அடித்தாள். ஷாக் அடிக்கும்டி, வேண்டாம்டி என்று சொல்லிக்கொண்டே அடித்தாள்.

முதலில் பேராசைப்பட்டு நூற்று அறுபத்தாறுக்கு வைத்தேன். மெஷின் ஓடத்தான் செய்தது. பத்து நிமிடத்தில் திரை நீலமாகி, புரியாத எழுத்துகளோடு உறைந்துவிட்டது. பிராசஸர் மேல் இருந்த அலுமினியப் பட்டையைத் தொட்டுப் பார்த்த அம்மா, நூத்தி மூணு டிகிரி ஜுரம் இருக்கும் போலிருக்கே என்று கையை உதறினாள்.  அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, ஜம்பர்களைப் பழைய இடத்தில் செருகினேன். பிறகு இன்னொரு வரிசையில் ஒன்றை மட்டும், ஒரே ஒரு முனை தள்ளி மாற்றினேன். அட்டவணைப்படி அது நூற்று ஐம்பது. மின்னழுத்தம் சம்பந்தப்பட்ட எதையும் தொடவில்லை. பெட்டியைத் திறந்தபடியே வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பிவிட்டேன்.

ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் நூற்று ஐம்பது என்று வந்தது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த மாதிரியான சந்தோஷம் மறுபடி வந்ததா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. வி.சி.டி.யைப் போடச் சொன்னாள் அம்மா.

பாட்டு விக்காமல் வந்தது. அக்கா காரிலிருந்து இறங்கினாள். இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, வழி நெடுக நடந்து பீடம் வரைக்கும் போனாள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மோதிரக் கட்டம் வந்தது. மெஷின் ஒரு முறை திணறிவிட்டுத் தொடர்ந்து ஓடியது.

மோதிரம் நுழையவில்லை. விரல் கணுவில் சிக்கிக்கொண்டுவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்க்கிறார், வியர்த்துப் போகிறார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்க்கிறாள், முகம் கசங்குகிறது, வாய் கோணுகிறது, முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பீடத்துக்கு முன்னால் நின்று சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பிறகு விரலை வாயில் வைத்து ஈரப்படுத்தி அவரிடம் நீட்டுகிறாள். அவரும் சிரித்துவிட்டார். பாதிரியார் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அது எங்கள் வீட்டு அக்காவின் சிரிப்பு. வகுப்பில் அடக்க முடியாமல் வெளியே நிறுத்தப்பட்டவள் அவள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது.

"அப்பாகிட்டக் காட்டாதே," என்றாள்.

ஏன் என்று கேட்டேன். அவர் போயிட்டு வரட்டும், வந்தப்புறம் பார்த்துக்கலாம் என்றாள்.  தட்டை எடுத்து உறையில் போட்டு, அரிசி டிரம்மில் வைக்கப் போனாள். வைக்கவில்லை போலிருக்கிறது, அல்லது நான் எடுத்தேன். அந்த இடம் மட்டும் எனக்குச் சரியாக நினைவில்லை. சௌகரியமான மறதி என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அப்பாவுக்கு லீவு. அம்மா பூ வாங்கவும் ஜாக்கெட் துணி வாங்கவும் ராஜகோபுரம் பக்கம் போயிருந்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். பெட்டி ஏன் திறந்து கிடக்கிறது, ஃபேன் ஏன் அதற்குக் காற்று வீசுகிறது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஜம்பரை விரலால் சுட்டிக் காட்டினேன். நூற்று முப்பத்து மூன்றை நூற்று ஐம்பதாக்கியதைச் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, உங்க அக்கா வந்தா அசந்துடுவா என்றார். அந்த வார்த்தை என்னை எங்கேயோ தூக்கிக்கொண்டு போனது. அம்மா சொன்னது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மகள் அழவில்லை என்று தெரிந்தால் எந்த அப்பாவுக்கும் நிம்மதியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து வயதில் எனக்கு அப்பாக்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

போட்டேன். அப்பா பார்த்தார். திருப்பிப் போடச் சொன்னார். மூன்றாவது முறை அக்கா கண்ணைத் துடைக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இப்போது அது அழுகிற முகமாகத் தெரியவே இல்லை. இத்தனை நாள் எப்படி அப்படிப் பார்த்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கா," என்றார் அப்பா.

எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். பாதி இஸ்திரி போட்ட சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். அம்மா மல்லிகைப் பூவோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை.

பெங்களூர் போகப்போவதில்லை என்று அப்பா சொன்னார். சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு இருப்பவளை எதற்காகக் கூட்டி வருவது, நாம் இல்லாமல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று நிதானமாகத்தான் பேசினார். அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும்போதும் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது. அம்மா பூவைக் கீழே வைத்தாள்.

"அழுதாத்தான் போவீங்களா?"

அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அழுகிற மகளை அவர் மன்னிக்கத் தயாராக இருந்தார். அதற்காக ஒரு வாரம் டிக்கெட் எடுத்து, கட்டில் கழுவி, எவ்வளவு ஆசையாகத் தயாரானார். சிரிக்கிற மகளுக்கு அவருடைய மன்னிப்பு தேவைப்படவில்லை. அதை அவரால் தாங்க முடியவில்லை. கெட்ட மனிதர் அல்ல என் அப்பா. காயம் பட்டவர். ஆனால் அன்று மத்தியானம் நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து நினைத்ததெல்லாம், வாயை மூடிக்கொண்டு அந்த ஜம்பரை இருந்த இடத்தில் விட்டிருந்தால் நாளைக்கு அப்பா போயிருப்பார், நான்தான் கெடுத்தேன் என்பதுதான்.

ஞாயிறு விடிந்ததும் அம்மா தலை குளித்து, கல்யாணங்களுக்குக் கட்டும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே, ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தாள்.

"டிக்கெட் வீணாப் போவும். நான் போயிட்டு வரேன்," என்றாள்.

அப்பா பேப்பரை இறக்கவில்லை. நான் அம்மாவோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். கூரியர் உறையில் அக்காவின் முகவரி இங்கிலீஷில் இருந்தது. பஸ் புறப்படுவதற்குள் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்கே இறங்குவது, யாரைக் கேட்பது, இடது பக்கமா வலது பக்கமா, ஒன்றும் எனக்கும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்மா, என் மேல கோபமா என்று கேட்டேன். வீட்டில் தோசை மாவு இருக்கிறது, அப்பாவுக்கு இரண்டு வேளையும் சுட்டுக் கொடு என்றாள்.

நாலு நாள் நானும் அப்பாவும் இருந்தோம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் அம்மா சொன்னாள். நான் ஓடி வந்து சொன்னபோது அப்பா தலையை ஆட்டினார். தோசையைக் கருக்கிக் கருக்கி வைத்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். மெஷின் இருக்கும் அறைப் பக்கமே அவர் வரவில்லை. நானும் அதை ஆன் செய்யவில்லை.

வியாழக்கிழமை மாலை அம்மா வந்தாள். முகம் கழுவி, விளக்கேற்றி, காபி போட்டு அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு டம்ளரோடு எதிரில் உட்கார்ந்தாள். அப்பா வீடு எப்படி என்று கேட்கவில்லை, மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. காபி ஆறி ஏடு படியும் வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதாளா?" என்று கேட்டார்.

"என்னைப் பார்த்ததும் கதவைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. அப்பா வரலையாம்மான்னுதான் முதல்ல கேட்டா," என்றாள் அம்மா.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதம் மூன்று பேருமாக பெங்களூர் போனோம். போனதும் அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச ஒன்றும் இல்லாமல், இருவரும் பெங்களூர்த் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பேரப்பிள்ளைகள் வந்தார்கள், போக்குவரவு வந்தது, சண்டைகள்கூட வந்தன. சொந்தக்காரர்கள் யாராவது பழைய கதையைக் கிளறினால் அப்பா உடனே சொல்வார்: 'அவங்க அம்மாவைப் பார்த்ததும் கதவைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. நான் வரலையான்னு கேட்டிருக்கா.' இதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

மெஷின் இரண்டு வருடம் நூற்று ஐம்பதில் ஓடியது. மூன்றாவது கோடையில் அடிக்கடி உறைய ஆரம்பித்ததும் ஜம்பரைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். அப்புறம் நான் கல்லூரிக்குப் போனேன். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கையேடு போன இடம் தெரியவில்லை. வி.சி.டி.யின் பூச்சு உரிந்து, கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரிகிறது. இப்போது அதைப் போட்டுப் பார்க்க யாரிடமும் கருவியும் இல்லை.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் திதி முடிந்த அன்று வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு, நானும் அக்காவும் வாழை இலைக் கட்டுகளை அப்புறப்படுத்திவிட்டுக் கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அக்காவுக்கு நாற்பத்தெட்டு. முழங்கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக வைத்திருந்ததை அன்று அவளிடம் சொன்னேன். ஜம்பரை மாற்றியது, அம்மா தடுத்தும் அப்பாவுக்குக் காட்டியது, அவர் சட்டையை மடித்து வைத்தது எல்லாம். அம்மாவைப் பார்த்ததும் நீ மட்டும் அழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று சொன்னேன்.

அக்கா தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கடி அழுதேன்? கதவைத் திறந்தா, அம்மா அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு, நீ எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில நீட்டிக்கிட்டு நிக்கிறா, போஸ்ட்மேன் மாதிரி. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அம்மாதான் கதவைப் புடிச்சுக்கிட்டு அழுதா."

அப்பா அத்தனை வருடம் அத்தனை பேரிடம் சொன்னபோது நீ ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கியா என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

உள்ளறையில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போய்க் கேட்கவில்லை.